கடலில் பிடித்த ஊனுண்ணி நத்தைகளை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த நத்தைகளைப் பற்றியது?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் நத்தை என்று சொன்னால், கண்ணாடியில் படியும் பாசியை மேய்ந்து தொட்டியைத் துப்புரவாக வைத்திருக்கும் டிரோக்கஸ், டர்போ வகைகளே நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுபவை அந்த மேய்ச்சல் நத்தைகளையே இரையாக்கக்கூடியவை: சிப்பிகளின் ஓட்டைத் துளைத்துத் தின்னும் மியூரெக்ஸ் குடும்பத்து முள்ளிச் சங்குகள், மணலுக்குள் புதைந்தபடி மட்டிகளைத் தேடும் நிலா நத்தைகள், பிற நத்தைகளைப் பிடிக்கும் டியூலிப் நத்தைகள், நட்சத்திர மீன்களை உண்ணும் டிரைட்டன்கள், கடல் முள்ளெலிகளை உண்ணும் தலைக்கவசச் சங்குகள், உயிருள்ளதையும் செத்ததையும் ஒருசேரத் தின்னும் வெல்க் நத்தைகள். நச்சுள்ள கூம்பு நத்தைகளுக்குக் கீழே தனிக் கேள்வி உண்டு.

கடையில் வாங்கிய உயிருக்கு ஒரு பெயராவது இருக்கும். கடலிலிருந்து நாமே எடுத்துவந்ததற்கு அதுவும் இராது. அதன் இனம், உணவு, அது எட்டக்கூடிய அளவு, அது பழகிய வெப்பநிலை ஆகிய நான்கையும் நாமேதான் கண்டறிய வேண்டும். தொட்டியில் நேரும் தோல்விகளில் பெரும்பகுதி, இந்த நான்கில் ஒன்றை ஊகத்துக்கு விட்டதால் வருவதுதான் என்பது என் எண்ணம்.

கரையில் கண்ட நத்தையை எடுத்து வரலாமா?

முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியில் வெற்று ஓட்டைக்கூட எடுக்கத் தடை இருக்கலாம். மற்ற இடங்களிலும் சில இனங்களுக்குத் தடையோ, உரிமத் தேவையோ, அளவு வரம்போ இருக்கலாம். பெரிய டிரைட்டன் சங்கு பல நாடுகளில் பாதுகாக்கப்பட்ட உயிர். பவளங்களை அழிக்கும் முட்கிரீட நட்சத்திர மீனைத் தின்னும் உயிர்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றான இதை அழகுக்காக எடுத்துவந்து தொட்டியில் வைப்பதைச் சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டம் தடுக்காத இடத்தில், ஒன்றே ஒன்றை எடுத்து வருவது போதும். பல நத்தைகள் ஓரிடத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் இனப்பெருக்கக் கூட்டம்; அருகே பாறையில் சிறு குப்பிகள் போன்ற முட்டை உறைகள் தெரிந்தால் அதில் ஐயமே இல்லை. அக்கூட்டத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். புரட்டிப் பார்த்த கல்லை, இருந்தபடியே மீண்டும் கவிழ்த்து வைக்க வேண்டும். அடிப்பக்கத்தில் வாழும் உயிர்கள் வெயிலில் சில மணி நேரம்கூடத் தாங்காது. ஓட்டுக்குள் இருப்பது நத்தைதானா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. வாயை அடைத்திருப்பது கொம்புப் பொருளாலான மூடியாக இருந்தால் நத்தை. இடுக்கிகளாக இருந்தால் துறவி நண்டு.

கூம்பு நத்தையை வளர்க்கலாமா?

வீட்டில் வளர்க்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் மறுபேச்சுக்கு இடமில்லாத பதில் இது ஒன்றுதான்.

கூம்பு நத்தைகளில், அராவும் நாக்கிலுள்ள பற்கள் உள்ளீடற்ற ஈட்டிகளாக மாறியிருக்கின்றன. துதிக்கையின் நுனியில் ஒரு ஈட்டியை ஏந்தி, இரையின் உடலில் பாய்ச்சி, அதன் வழியே நச்சைச் செலுத்துகிறது. ஒருமுறை பயன்பட்ட ஈட்டி மீண்டும் பயன்படாது, அடுத்தது அதன் இடத்துக்கு வரும். மீனைத் தின்னும் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்னும் இனத்தால் மனிதர்கள் இறந்ததாகப் பதிவுகள் உள்ளன. இந்த நச்சுக்கு முறிமருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழப்பதால்தான் மரணம் நேர்கிறது. ஆகவே கடிபட்டவரை அசையவிடாமல், கடிபட்ட கை அல்லது காலை அழுத்தக் கட்டுப் போட்டு, மூச்சைக் கவனித்தபடி, உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும்.

ஓட்டின் அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஆபத்தில்லை என்று சொல்வார்கள். அதை நம்பக் கூடாது. துதிக்கை நீண்டு வளைந்து ஓட்டின் பெரும்பகுதியை எட்டிவிடும். கையுறையும் துணிப்பையும் சட்டைப்பையும் காப்பு அல்ல.

இந்த நச்சின் நுட்பம் வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. கோனஸ் மேகஸ் என்னும் இனத்தின் நச்சிலிருந்து உருவான சிக்கோனோடைடு என்ற வலிநிவாரணி 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கோனஸ் ஜியோகிராஃபஸ் நீரில் ஒருவகை இன்சுலினைக் கலந்து மீன்களை மயங்கச் செய்கிறது என்பது 2015இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அந்த வியப்பை ஆய்வகத்துக்கு விட்டுவிடலாம். கூம்பு வடிவில், வண்ணக் கோலமிட்ட, நீண்டு குறுகிய வாயுள்ள ஓடு எதுவாயினும், அதன் இனம் தெரியாதவரை கையில் எடுக்காதிருப்பதே விதி.

எடுத்துவந்தது என்ன இனம் என்று எப்படிக் கண்டறிவது?

ஓட்டின் வடிவமும் மூடியும் குடும்பத்தைச் சொல்லிவிடும். ஓட்டு வாயின் முன்முனையில் ஒரு பள்ளமோ நீண்ட குழாய் போன்ற வாய்க்காலோ இருந்தால், அதன் வழியே நீர்க்குழல் வெளியே நீளும். இரையின் வாடையை நீரிலிருந்து முகர்வதற்கான ஏற்பாடு அது. அத்தகைய நத்தை ஊனுண்ணியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆனால் பள்ளம் இல்லாததால் மட்டும் அது சைவம் என்று முடிவு கட்டக் கூடாது: உருண்டு வழவழப்பாக இருக்கும் நிலா நத்தையின் வாயில் அப்படிப்பட்ட பள்ளம் கிடையாது, அதுவோ தீராத வேட்டைக்காரன்.

எடுத்த இடத்தையே சுற்றிப் பார்ப்பதும் உதவும். அருகே கிடக்கும் செத்த சிப்பிகளில் உள்ள துளை, புனல் போல மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் துளைத்தது நிலா நத்தை. சுவர் நேராக இறங்கியிருந்தால் பெரும்பாலும் மியூரெக்ஸ் குடும்பம். நத்தையை எடுத்த ஆழம், தரை மணலா பாறையா, அருகே என்னென்ன உயிர்கள் இருந்தன என்பவற்றை அன்றே குறித்துக்கொண்டால், பிறகு வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அந்தக் குறிப்பிலேயே கிடைக்கும்.

வீடு வரை எப்படிக் கொண்டுவருவது?

அலையேற்ற இறக்கப் பகுதியில் வாழும் நத்தைகள் காற்றில் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். கடல்நீரில் நனைத்த துணியில் சுற்றி, நிழலில், குளிர்ச்சியாக வைத்தால் போதும். ஆழத்தில் எடுத்தவற்றை நிறைய நீரில், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கலத்தில் கொண்டுவர வேண்டும். நத்தைகளால் தம் உடல்நீரின் உப்பளவைத் தாமே சீராக்கிக்கொள்ள இயலாது. சுற்றியுள்ள நீர் எப்படியோ அப்படியே உடலும் மாறும். ஆகையால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒன்று இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டே பழக்க வேண்டும். பிறகு நான்கு முதல் ஆறு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பது நல்லது. ஓட்டில் ஒட்டிவரும் கடற்பஞ்சும் புழுக்களும் பிரதான தொட்டிக்குள் போய்ச் சேராமலிருக்க அதுவே வழி.

எவ்வளவு பெரிய தொட்டி? உள்ளே என்ன வேண்டும்?

இனத்தின் முழு வளர்ச்சியை வைத்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும். விரல் நீளத்தைத் தாண்டாத முள்ளிச் சங்கு ஒன்றுக்கு நூறு லிட்டர் தொட்டி போதுமானது. டிரைட்டனோ அரை மீட்டரை எட்டக்கூடியது. உலகின் மிகப் பெரிய நத்தை ஓட்டுக்குச் சொந்தமான சைரின்க்ஸ் அருவானஸ் எழுபது சென்டிமீட்டரையும் தாண்டும். கட்டைவிரலளவுக் குஞ்சாக எடுத்துவரும்போது இந்த எண்கள் நம்மை அச்சுறுத்துவதில்லை என்பதே சிக்கல்.

நிலா நத்தைக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மென்மணல் இன்றியமையாதது. சரளைக்கல் போட்ட தொட்டியில் அதனால் புதையவோ வேட்டையாடவோ முடியாது. முள்ளிச் சங்குக்குப் பாறை வேண்டும், அந்தப் பாறை மணலின்மேல் அல்லாமல் தொட்டியின் அடித்தளத்தில் உறுதியாக அமர்ந்திருக்க வேண்டும். அடியில் மணலைக் கிளறும் நத்தை இருந்தால் பாறை சரிந்து அதை நசுக்கிவிடும். மேலே இறுக்கமான மூடி தேவை. இரவில் நீர்மட்டத்தைத் தாண்டி ஏறி வெளியே விழுந்து காய்ந்துபோகும் நத்தைகள் ஏராளம். பம்புகளின் உறிஞ்சு வாய்க்குக் கண்ணுள்ள கூடோ பஞ்சுறையோ போட வேண்டும்.

வெப்பநிலையில் சமரசம் கிடையாது. வெப்பக் கடல் இனங்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் பொருந்தும். குளிர்கடல் வெல்க் ஒன்றை அந்த நீரில் விட்டால், அது சில நாட்கள் சுறுசுறுப்பாகத் திரிவதாகத் தோன்றி, பிறகு சோர்ந்து இறக்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை வாங்க மனமில்லாதவர் குளிர்கடல் நத்தையை எடுத்து வரக் கூடாது.

நீரின் அளவீடுகள் என்னவாக இருக்க வேண்டும்?

உப்பளவு ஆயிரத்துக்கு 35, அதாவது ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025, பிஎச் 8.1 முதல் 8.3 வரை, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் (பத்து லட்சம் பங்கில் 20 பங்குக்கு) கீழே. ஓடு வளர்வதற்குக் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் வரை இருப்பது நல்லது. ஊனுண்ணி வாழும் தொட்டியில் கழிவு மிகுதி என்பதால், வடிகட்டியைத் தொட்டியின் அளவுக்குத் தேவையானதைவிடப் பெரிதாகவே அமைக்க வேண்டும். நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இங்கே ஆடம்பரம் அல்ல.

செம்பு, மிகச் சிறிய அளவிலும் நத்தைகளைக் கொல்லும். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றிய பழைய தொட்டியை வாங்கியவர்கள், அதன் பாறைகளையும் மணலையும் நத்தைக்குப் பயன்படுத்தவே கூடாது. அவை உறிஞ்சி வைத்த செம்பு மாதக்கணக்கில் நீரில் கசியும்.

என்ன உணவு கொடுக்க வேண்டும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை?

இந்த வளர்ப்பின் மையமே இதுதான். ஒரு பாசி நத்தை தொட்டியில் தானாகக் கிடைப்பதை மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். ஊனுண்ணிக்குத் தானாகக் கிடைப்பது நம் மற்ற உயிர்கள் மட்டுமே. எனவே அதன் இரை எது என்று தெரிந்து, அந்த இரை ஆண்டு முழுவதும் கிடைக்கும் வழியை உறுதி செய்துகொண்ட பிறகே நத்தையை எடுத்து வர வேண்டும்.

வெல்க், பாபிலோனியா, நசாரியஸ் ஆகியவை செத்த ஊனை விரும்பி ஏற்பவை. தொட்டியில் ஒரு துண்டு இறாலைப் போட்ட சில நொடிகளில் மணலுக்குள்ளிருந்து நசாரியஸ்களின் நீர்க்குழல்கள் ஒவ்வொன்றாக எழும்பும் காட்சியைப் பார்ப்பதற்காகவே அவற்றை வளர்க்கலாம். புதிதாகத் தொடங்குவோர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. முள்ளிச் சங்குகளில் பல, திறந்த மட்டியையோ சிப்பியையோ ஏற்கப் பழகிவிடும். சில மூடிய, உயிருள்ள சிப்பியைத் தவிர வேறெதையும் பார்க்காது. நிலா நத்தைக்குப் பெரும்பாலும் உயிருள்ள மட்டியை மணலில் புதைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். தலைக்கவசச் சங்குக்குக் கடல் முள்ளெலி, டன் நத்தைக்குக் கடல் அட்டை என்று போகப் போக, அன்றாட வீட்டுத் தொட்டிக்கு எட்டாத பட்டியலாக அது மாறிவிடுகிறது. அவற்றின் எச்சிலும் விளையாட்டல்ல: டோனா கேலியா என்னும் டன் நத்தையின் எச்சிலில் கந்தக அமிலம் இருப்பதை ட்ரோஷெல் என்ற விலங்கியலாளர் 1854இலேயே அறிவித்தார்.

வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை உணவளிப்பது நடுத்தர அளவு நத்தைகளுக்குப் பொதுவாகப் போதும். உறையவைத்து உருக்கிய மட்டிச் சதை, உயிருள்ளதைவிட நோய்களைக் கொண்டுவரும் வாய்ப்புக் குறைந்தது. இரவில், நத்தையின் முன்பாக, நீரோட்டம் வரும் திசையில் உணவை வைக்க வேண்டும். வாடையை நத்தையிடம் கொண்டுசேர்ப்பது நீரோட்டம்தான். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். எந்தத் தேதியில் எது தின்றது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது அலுப்பான பழக்கம்தான்; ஆனால் ‘போன வாரம் தின்றதுபோல் இருந்தது’ என்ற நினைவு, ஐந்து வாரப் பட்டினியைக்கூட மறைத்துவிடும்.

சிப்பியின்மீது நாள்முழுக்க அசையாமல் அமர்ந்திருக்கிறது. நோயா?

இல்லை, அது சாப்பாட்டு வேலையில் இருக்கிறது. அதைப் பிரித்து எடுக்கக் கூடாது.

துளைக்கும் நத்தைகளிடம் துளையிடு உறுப்பு என்ற மென்மையான பகுதி ஒன்று உண்டு. மியூரெக்ஸ் குடும்பத்தில் அது பாதத்தின் அடியிலும், நிலா நத்தைகளில் துதிக்கையின் நுனியிலும் அமைந்திருக்கிறது. அதைச் சிப்பியோட்டின்மேல் அழுத்தி, சுரக்கும் நீர்மத்தால் சுண்ணாம்பை இளக்கி, பிறகு அராவும் நாக்கால் இளகியதைச் சுரண்டி எடுத்து, மீண்டும் உறுப்பை அழுத்தும். இப்படி மாறி மாறி நடக்கும் வேலை, ஓட்டின் தடிப்பைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை நீளும். துளை விழுந்தபின் துதிக்கையை உள்ளே நுழைத்துத் தின்பதற்கும் நேரம் பிடிக்கும். பாதி துளைத்த நிலையில் நாம் தூக்கிப் பார்த்தால், பெரும்பாலும் அது அந்த இடத்துக்குத் திரும்பாது. செலவழித்த உழைப்பு வீண். ஆவலை அடக்க முடியாதவர்கள், அது தின்று முடித்துப் போட்ட வெற்றோட்டை எடுத்துத் துளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று வாரமாக எதையும் தொடவில்லையே?

புதிதாக வந்த நத்தை சில வாரங்கள் உண்ணாமலிருப்பது வழக்கம். பெரிய இரையைத் தின்று முடித்ததும், முட்டையிடும் காலத்திலும்கூட அப்படி இருக்கும். நீரின் அளவீடுகள் சரியாக இருந்து, தொட்டால் உள்ளே சுருங்கிக்கொள்ளும் வேகமும் குறையாதிருந்தால் காத்திருக்கலாம். அதற்கிடையில் இரையை மாற்றிப் பார்க்க வேண்டும்: எடுத்த இடத்தில் எந்தச் சிப்பி மிகுதியாக இருந்ததோ அதையே முதலில் முயல வேண்டும். சுருங்கும் வேகம் மந்தமாகி, பாதம் வெளியே தொங்கத் தொடங்கினால் காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது.

தொட்டியில் வேறு என்ன வைக்கலாம்?

சிப்பி, மட்டி, பாசி மேயும் நத்தை, குழாய்ப்புழு ஆகியவற்றை உணவாகவே கருத வேண்டும். பஃபர் மீன், டிரிக்கர் மீன், பெரிய ராஸ் மீன்கள் நத்தையைத் தின்னும். பெரிய துறவி நண்டு, ஓட்டுக்காகவே அதைக் கொல்லும். ஒரே இனத்து இரண்டு நத்தைகளும் பட்டினியில் ஒன்றையொன்று துளைக்கலாம். நத்தைக்கென்றே ஒரு தொட்டி, அதில் துணைக்கு நடுநீரில் நீந்தும் சிறிய மீன்கள் இரண்டொன்று என்பதே நான் கண்டவரை நிலைத்து நிற்கும் ஏற்பாடு. பவளத் தொட்டிக்கு அழகு சேர்க்க ஒரு முள்ளிச் சங்கு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

கண்ணாடியிலும் நீரிலும் ஊதாக் கறை படிந்திருக்கிறது. நச்சா?

முள்ளிச் சங்கைச் சீண்டினால், அதன் சளிச் சுரப்பியிலிருந்து வெளிறிய நீர்மம் ஒன்று வெளிவரும். காற்றும் வெளிச்சமும் பட்டு அது பச்சையாகி, பிறகு ஊதாவாக மாறும், வாடையும் பொறுக்க முடியாததாக இருக்கும். பண்டைய ஃபினீசியர்களின் புகழ்பெற்ற ஊதாச் சாயம் இதுவே. 1909இல் பால் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயத்தைப் பிரித்தெடுத்து, அது புரோமின் கலந்த இண்டிகோ என்று காட்டினார். தொட்டியில் கறை தெரிந்தால், நத்தையை ஏதோ ஒன்று தொல்லைப்படுத்துகிறது என்று பொருள். நீரில் கால் பங்கை மாற்றி, கரித்தூள் வடிகட்டியைப் போட்டு, தொல்லை எது என்று தேட வேண்டும்.

முட்டையிட்டுவிட்டது. குஞ்சுகள் பிழைக்குமா?

இனத்தைப் பொறுத்தது. பல இனங்களின் குஞ்சுகள் நீரில் மிதக்கும் நுண்பருவத்தைக் கடந்தாக வேண்டும். வீட்டு வடிகட்டியில் அவை பிழைப்பதில்லை. நூசெல்லா லாபிலஸ் போன்ற சிலவற்றில் உறையிலிருந்தே முழு வடிவக் குட்டி நத்தைகள் ஊர்ந்து வெளிவரும்: உறைக்குள் இருக்கும் சில நூறு முட்டைகளில் பெரும்பாலானவை வளரும் சிலவற்றுக்கு உணவாகிவிடும். அத்தகைய குட்டிகளுக்குச் சிறிய கொட்டலசுகளும் பிஞ்சுச் சிப்பிகளும் கொடுத்து வளர்க்கலாம். மணலில் கழுத்துப்பட்டை போல வளைந்து கிடக்கும் மணற்சுருளைக் குப்பை என்று எடுத்தெறிய வேண்டாம். அது நிலா நத்தையின் முட்டைத் தொகுதி.

உறங்குகிறதா, இறந்துவிட்டதா?

நீரிலிருந்து எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். இறந்த நத்தையின் நாற்றம் ஐயத்துக்கு இடம் தராது. மூடி தளர்ந்து கழன்று வந்தாலும் முடிவு அதுவே. உடனே அகற்ற வேண்டும். பெரிய நத்தை ஒன்று உள்ளே அழுகினால் ஒரே இரவில் அம்மோனியா ஏறி, தொட்டியிலுள்ள மற்றவற்றையும் கொன்றுவிடும். மணலில் புதைந்து வாழும் இனங்களில் மரணம் கண்ணுக்குத் தெரியாமலே நிகழும் என்பதால், இரண்டு உணவு நாட்கள் தொடர்ந்து வெளியே வராத நத்தையை மெல்லத் தோண்டிப் பார்த்துவிட வேண்டும்.

இனி வைத்திருக்க முடியவில்லை. கடலிலேயே விட்டுவிடலாமா?

விடக் கூடாது, எடுத்த இடத்திலேயே ஆயினும். தொட்டியில் பிற ஊர் உயிர்களோடும் நீரோடும் வாழ்ந்த நத்தை, அவற்றின் நோய்களையும் ஒட்டுண்ணிகளையும் சுமந்திருக்கலாம். வேறு கடலில் விடுவதோ அதைவிடப் பெருந்தீங்கு. வடமேற்குப் பசிபிக் கடலுக்குரிய ரப்பானா வெனோசா என்ற நத்தை 1940களில் கருங்கடலில் காணப்பட்டது; பின்னர் பெருகி, அங்கிருந்த சிப்பித் திட்டுகளைச் சூறையாடியது. 1998இல் அதே நத்தை அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலும் கண்டறியப்பட்டது.

வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடமோ, பொதுக் காட்சிச்சாலையிடமோ முதலில் கேட்டுப் பார்க்கலாம். எவரும் ஏற்காவிட்டால், மெக்னீசியம் குளோரைடு கரைசலில் வைத்து உடல் முழுவதும் தளர்ந்து, தொட்டாலும் அசையாத நிலைக்கு வந்த பிறகு, உறையவைத்து முடிக்க வேண்டும். மீந்த தொட்டி நீரைக் கடலிலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றாமல், வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும். மணலையும் பாறையையும் நன்னீரில் ஊறவைத்து வெயிலில் முற்றிலும் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.